சிமுலேஷன் சொன்ன வளைவு 0.5 மி.மீ., கோவையில் 0.8, குன்னூரில் 1.3: கணிப்பை எங்கிருந்து திருத்துவது?

கேத்தி_வடிவமைப்பு

அனைவருக்கும் வணக்கம். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பாய்ச்சித் தேயிலை பறிக்கும் கத்தரிக்கு ஒரு கைப்பிடி செய்கிறோம். உருகல் நிரம்புவதையும் பாகம் ஆறி வளைவதையும் முன்கூட்டியே கணினியில் கணித்ததுதான் தலைப்பில் உள்ள சிமுலேஷன். பொருள் நைலான் 6, கண்ணாடி இழை 30 விழுக்காடு. நீளம் 210 மி.மீ., சுவர்த் தடிமன் 2.5 மி.மீ. குறுக்குவெட்டு ‘ப’ வடிவம், உட்புறம் முழுவதும் கோர் (உள்வடிவம் தரும் அச்சுப் பாதி). ஒரு முனையில் ஒரே கேட் (உருகல் பாகத்துக்குள் நுழையும் குறுகிய வாய்).

அச்சு கோயம்புத்தூரில் செய்யப்பட்டு அங்கேயே சோதனை ஓட்டமும் நடந்தது. பிறகு மேலே கொண்டுவந்து, குன்னூர் அருகே உள்ள எங்கள் சிறு கூடத்தில் 120 டன் இயந்திரத்தில் ஏற்றினோம். மூலப்பொருள் ஒரே லாட். திரையில் போட்ட அமைப்புகளும் அவையேதான்.

உருகலைப் பாய்ச்சும் அழுத்தம்: சிமுலேஷனில் 58 மெகாபாஸ்கல், கோவை இயந்திரத்தில் 84, இங்கே 86. வளைவு தலைப்பில் உள்ளபடி. 1.3 மி.மீ. வளைந்தால் கத்தித் தகட்டின் இரண்டு துளைகளும் நேர்கோட்டில் நிற்பதில்லை. போல்ட்டைத் தட்டித்தான் நுழைக்க வேண்டியிருக்கிறது.

மெஷ்ஷை (கணக்குக்காகப் பாகத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) இன்னும் நுணுக்கமாக்கிப் பார்த்தேன். கணினி இரவெல்லாம் ஓடியது, விடை அசையவில்லை. வேறு எங்கே கைவைக்கலாம்?

பீளமேடு_டூல்ரூம்

இதில் ஆராய என்ன இருக்கிறது தம்பி? சிமுலேஷன் காட்டும் அழுத்தம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். நாங்கள் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வோம். வளைவை ஒன்றரையால் பெருக்கி, அச்சின் எஃகை அந்த அளவுக்கு எதிர்த்திசையில் வளைத்து வெட்டிவிடுவோம். பாகம் வளைந்து நேராகிவிடும். வாடிக்கையாளருக்கு நேரான கைப்பிடிதான் வேண்டும், வண்ணப்படம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்

பீளமேட்டு நண்பரின் வழியில் அச்சுகள் ஓடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒரே அச்சு இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக வளைகிறது. எந்த ஊர் வளைவுக்கு எஃகை வெட்டுவீர்கள்?

கேத்தி நண்பருக்கு: உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. அழுத்த வேறுபாட்டை முதலில் தீருங்கள், வளைவைப் பிறகு தொடுங்கள். நிரம்பும் கணக்கு தவறாக இருந்தால் அதன்மேல் கட்டிய அழுத்திப் பிடிக்கும் கணக்கும் தவறு, அதன்மேல் நிற்கும் சுருக்கமும் வளைவும் தவறு. கடைசிப் படத்தை முதலில் திறப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

84 என்பது எந்த இடத்து அழுத்தம்? ஹைட்ராலிக் இயந்திரம் என்றால் எண்ணெய் அழுத்தத்தை, உருகலைத் தள்ளும் ஸ்க்ரூவின் பரப்பு விகிதத்தால் பெருக்கிக் காட்டுகிறார்கள். அது ஸ்க்ரூ முனைக்கு உரிய அழுத்தம். சிமுலேஷனில் நீங்கள் அச்சின் நுழைவழியான ஸ்ப்ரூவிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். நடுவே இயந்திரத்தின் வாயான நாசில் இருக்கிறது, அதன் முனைத்துளை இருக்கிறது, சிலர் வடிகட்டி வேறு போட்டிருப்பார்கள். இவை தின்னும் அழுத்தம் உங்கள் மாடலில் இல்லவே இல்லை. நாசிலைப் பின்னுக்கு இழுத்து, அதே வேகத்தில் காற்றில் ஒரு ஷாட் (ஒரு முறைக்கான உருகல்) பாய்ச்சி, அப்போது காட்டும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துல்லியமான கழித்தல் அல்ல, ஆனாலும் பாதி மர்மம் அதிலேயே அவிழும்.

அடுத்து உருகலின் உண்மையான வெப்பநிலை. ஸ்க்ரூ சுழலும் உருளையான பேரலின் வெப்பப் பட்டைக்குக் கொடுத்த எண்ணும் உருகலின் சூடும் ஒன்றல்ல, ஸ்க்ரூ சுழலும்போது உராய்விலும் சூடு ஏறும். இயந்திரம் பல சுற்று ஓடி நிலைபெற்ற பிறகு பாய்ச்சிய உருகலில், முன்கூட்டியே சூடாக்கிய ஊசி வெப்பமானியைச் செருகி அளக்க வேண்டும். ஆறிய ஊசியைச் செருகினால் ஊசியே சூட்டை உறிஞ்சிக் குறைத்துக் காட்டும்.

மூன்றாவது, ஸ்க்ரூவின் உண்மையான வேகம். திரையில் நீங்கள் கொடுத்தது ஆசை. கனமான ஸ்க்ரூ அந்த வேகத்தை எட்ட நேரம் எடுக்கும், குறுகிய ஷாட்டில் எட்டாமலேயே முடிந்தும் போகலாம். இயந்திரம் பதிவு செய்யும் நிலை–நேர வளைகோட்டை எடுத்து, அதையே சிமுலேஷனுக்குக் கொடுங்கள்.

நான்காவது, எஃகை அளந்து பாருங்கள். வரைபடத்தை நம்பாதீர்கள்.

பீளமேடு_டூல்ரூம்

எஃகு எங்களிடம் வந்தால் சரியாகத்தான் இருக்கும் ஐயா.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்

அந்த அச்சை நீங்கள் வெட்டியதாக நான் சொல்லவில்லையே!

கேத்தி_வடிவமைப்பு

அளவுகள் வந்துவிட்டன. காற்றில் பாய்ச்சிய ஷாட்டில் 19 மெகாபாஸ்கல் காட்டுகிறது. இங்கே காட்டும் 86-இல் அதைக் கழித்தால் அச்சுக்குள் போவது 67.

உருகல் வெப்பநிலை அமைப்பில் 270, ஊசியில் 281. இதைச் சிமுலேஷனில் போட்டால் பாகுநிலை குறைந்து அழுத்தம் 58-இலிருந்து 54-ஆக இறங்குகிறது. அதாவது மூடிக்கொண்டிருந்த இடைவெளி மறுபடி திறக்கிறது!

கேட்டின் தடிமன் வரைபடத்தில் 1.5, எஃகில் 1.35. கைப்பிடியின் நடுப்பகுதிச் சுவர் 2.5 அல்ல, 2.4. இரண்டையும் மாடலில் திருத்தி, ஸ்க்ரூ வேகத்தையும் பதிவில் உள்ளபடி கொடுத்ததும் 63 வருகிறது. மிச்சம் 4 மெகாபாஸ்கல்.

இறுதி அழுத்தம் மட்டும் பொருந்தினால் போதுமா என்று ஐயம் வந்ததால், அழுத்திப் பிடிக்கும் (ஹோல்டிங்) அழுத்தத்தை எடுத்துவிட்டு ஷாட் அளவைப் படிப்படியாகக் கூட்டி, குறை ஷாட்டுகளை வரிசையாக எடுத்துத் தராசில் நிறுத்தேன். உருகல் முன்னேறும் வடிவம் ஏறக்குறைய படத்தில் உள்ளபடியே இருக்கிறது. எடையும் ஒத்துப்போகிறது.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்

பார்த்தீர்களா? ஒரு பிழை இடைவெளியைக் குறைத்தது, இன்னொன்று கூட்டியது. மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருந்தால் மெல்லிய கேட்டும் கூடுதல் சூடும் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். அடுத்த அச்சில் அதே பெருக்கல் எண் உங்களைக் கவிழ்த்திருக்கும்.

மெல்லிய சுவர் எவ்வளவு தண்டிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. பாய்மம் நீரைப் போன்றதாக இருந்தால், ஒரே ஓட்ட அளவுக்குத் தேவைப்படும் அழுத்தம் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதம். பிளாஸ்டிக் உருகல் வேகத்தில் இளகுவதால் அவ்வளவு கடுமை இல்லை. இளகும் அடுக்கெண் 0.3 என்று வைத்தால் தடிமனின் 1.6 அடுக்குக்கு எதிர்விகிதம். 1.5 இருக்க வேண்டிய கேட் 1.35 ஆனால் கேட்டில் மட்டும் ஏறக்குறைய 18 விழுக்காடு அழுத்தம் கூடும். சுவரில் உறையும் தோலை இதில் சேர்க்கவில்லை.

மிச்சம் 4 இருக்கட்டும். அகலமான வழியிலிருந்து குறுகலான கேட்டுக்குள் திடீரென நுழையும்போது ஒரு நுழைவு இழப்பு உண்டு. உங்கள் பொருளின் தரவுக்கோப்பில் அதற்கான எண்கள் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பல கோப்புகளில் காலியாகத்தான் இருக்கும். அழுத்தம் ஏறினால் பாகுநிலை ஏறும் என்பதற்கான எண்ணும் பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும். 60-இல் அது பெரிதாகத் தெரியாது, 100 மெகாபாஸ்கலைத் தாண்டும் மெல்லிய பாகங்களில் தெரியும்.

இனி வளைவுக்குப் போகலாம்.

கொடைக்கானல்_காற்று

இவ்வளவு பேசுகிறீர்கள், கண்ணுக்கு முன்னால் இருப்பதை யாரும் சொல்லவில்லையே. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. அதனால்தான் மலையில் பாகம் வேறு விதமாக வருகிறது. எங்கள் பழனி மலையிலும் கீழே ஓடியது மேலே ஓடாது என்று சொல்வார்கள்.

ஊட்டி_பாய்மவியல்

காற்றழுத்தம் குறைவுதான். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் என்றால் குன்னூர் உயரத்தில் சுமார் 81. ஆனால் அச்சுக்குள் 60 மெகாபாஸ்கல் நடக்கிறது, அதாவது 60,000 கிலோபாஸ்கல். அந்தக் கூட்டத்தில் 20 எங்கே தெரியும்? அச்சின் காற்றுப்போக்கியான வென்ட் வழியே வெளியேற வேண்டிய காற்றின் நிறை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அது வளைவை உண்டாக்காது, உதவிதான் செய்யும்.

ஆனாலும் கொடைக்கானல் நண்பர் தட்டிய கதவு சரியானது என்றே நினைக்கிறேன். உருகலை விடுங்கள், அச்சின் சூட்டைக் கட்டுப்படுத்த அதன் குழாய்களில் ஓடும் தண்ணீரைப் பாருங்கள். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைத்தவர்களுக்குத் தெரியும். குன்னூரில் தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸில். கேத்தி நண்பர் அச்சை எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறார்? வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் தண்ணீர்த் தொட்டி திறந்த வகையா, மூடி அழுத்தம் கொடுத்த வகையா?

கேத்தி_வடிவமைப்பு

தண்ணீர் 90 டிகிரி. திறந்த தொட்டி. கருவி கீழேயிருந்து வந்தது.

ஊட்டி_பாய்மவியல்

அப்படியானால் கணக்கைப் பாருங்கள். 90 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் 70 கிலோபாஸ்கல். கோவையில் காற்றழுத்தம் 96 அளவில் இருக்கும், ஆகவே பம்பின் வாய்க்கு 26 கிலோபாஸ்கல் இடம் இருக்கிறது. குன்னூரில் மிஞ்சுவது வெறும் 11. நீர்மட்டமாகச் சொன்னால் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். உறிஞ்சு குழாயில் ஒரு வளைவு, ஒரு அழுக்கு வடிகட்டி போதும், அந்த இடம் காலி. தண்ணீர் பம்புக்குள்ளேயே குமிழ்விடத் தொடங்கும். கருவி 90 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் தண்ணீர் ஓடாது. பம்பிலிருந்து கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கிறதா?

கோரின் குழாயில் ஓட்டமானி வைத்துப் பாருங்கள். சிமுலேஷனில் எத்தனை லிட்டர் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

சிம்ஸ்_பூங்கா_வாசி

சற்று விலகி ஒரு கேள்வி. பிளாஸ்டிக்கை விரட்டுவதில் முன்னால் நின்ற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக் அச்சு பற்றி இத்தனை பதிவுகளா? சோதனைச் சாவடியில் தண்ணீர்ப் பாட்டிலைக்கூடப் பிடுங்குகிறார்கள்.

கேத்தி_வடிவமைப்பு

தடை ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களுக்கு. 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் வந்ததும் அதற்காகத்தான். இது கத்தரியோடு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் கைப்பிடி. உடைந்தால் கொண்டுவந்து கொடுங்கள், அரைத்து வேறொன்று செய்யலாம். வளைந்த கைப்பிடிகளை வீசி எறியாமல் இருக்கத்தான் இந்தப் பாடு.

சத்தம் பற்றி: கேட்கிறது. இயந்திரத்துக்குப் பழகிய சத்தம் என்று ஆபரேட்டர் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டமானியை இரவல் வாங்கியிருக்கிறேன், நாளை பார்த்துவிட்டு வருகிறேன்.

கேத்தி_வடிவமைப்பு

கோரில் நிமிடத்துக்கு 1.5 லிட்டர், அதுவும் துடித்துத் துடித்து. வெளிவடிவம் தரும் எதிர்ப்பாதியான கேவிட்டியில் 5. சிமுலேஷனில் இரண்டுக்கும் 6 கொடுக்கப்பட்டிருக்கிறது. அச்சைத் திறந்த உடனே மேற்பரப்பை அளந்தால் கேவிட்டி 93, கோர் 107.

எனக்கு ஒரு குழப்பம். 8 மி.மீ. குழாயில் 1.5 லிட்டர் என்று போட்டாலும் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டுவது) 12,000 வருகிறது. கொந்தளிப்பு ஓட்டம்தான், போதும் என்று மென்பொருள் பச்சையாகக் காட்டுகிறது. பிறகு ஏன் கோர் இவ்வளவு சூடு?

ஊட்டி_பாய்மவியல்

10,000-ஐத் தாண்டினால் போதும் என்ற விதி குளிர்ந்த நீரை நினைத்து ஓட்டுபவர்களுக்குப் பழகிப்போனது. 90 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் ஓட்டம் வற்றினாலும் எண் பெரிதாகவே நிற்கும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் குழாய்ச் சுவரிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் தாவும் திறன் ஓட்ட வேகத்தின் 0.8 அடுக்கைப் பின்தொடரும். 6 லிட்டர் 1.5 ஆனால் அந்தத் திறன் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வெளியேறும் தண்ணீரும் நான்கு மடங்கு சூடேறி வரும். இதற்கு மேல் குமிழ்கள் வேறு. கோர் கொதிக்காமல் என்ன செய்யும்?

‘ப’ வடிவத்தில் உட்புறம் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் தாமதமாக உறைந்து அதிகம் சுருங்கும், கால்கள் உள்நோக்கி மடங்கும், கைப்பிடி கோர் பக்கமாக வளையும். உங்கள் பாகம் எந்தப் பக்கம் வளைகிறது?

கேத்தி_வடிவமைப்பு

கோர் பக்கம்தான். உண்மையான ஓட்டத்தையும் அளந்த மேற்பரப்பு வெப்பத்தையும் கொடுத்ததும் கணிப்பு 1.05-க்கு வந்துவிட்டது. கோவையில் ஓட்டம் அளக்கப்படவில்லை என்பதால் அந்த 0.8-ஐப் பற்றி எதுவும் சொல்ல இயலவில்லை.

பீளமேடு_டூல்ரூம்

சரி, ஒப்புக்கொள்கிறேன், தண்ணீர் விஷயம் எனக்குப் புதிது. இன்னும் கால் மில்லிமீட்டர்தானே? மென்பொருளில் உருகலுக்கும் அச்சுச் சுவருக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்ற எண் இருக்கிறது. அதைச் சற்றுத் திருகினால் 1.3 வந்துவிடும். எல்லோரும் செய்வதுதான்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்

எல்லோரும் செய்வதுதான், அதனால்தான் சொல்கிறேன். பலர் பயன்படுத்தும் மென்பொருளில் அந்த எண்ணின் இயல்பு மதிப்புகள் நிரப்பும்போது 5000, அழுத்திப் பிடிக்கும்போது 2500, பாகம் சுவரைவிட்டு விலகிய பின் 1250 வாட், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு. அவை கல்லில் செதுக்கியவை அல்ல, பாகத்துக்குப் பாகம் மாறக்கூடியவைதான். ஆனால் மாற்றுவதற்கு ஒரு சாட்சி வேண்டும். கேவிட்டிக்குள் அழுத்த உணரி வைத்து, அழுத்தம் சரியும் வேகத்தைப் பார்த்து அதற்குப் பொருத்தினால் அது அளவீடு. வளைவைப் பார்த்து வளைவுக்குப் பொருத்தினால் அது விடையைப் பார்த்து எழுதிய தேர்வு.

இழைப் பொருளில் சந்தேகப்பட வேண்டியது வேறு இடம். சுவருக்கு அருகே இழைகள் ஓட்டத் திசையில் படுக்கும், நடு அடுக்கில் குறுக்காகத் திரும்பும். இழை நீளவாக்கில் சுருக்கத்தைத் தடுக்கும், குறுக்கே தடுக்காது. வளைவின் பெரும்பங்கு இந்த வேற்றுமையிலிருந்து வருகிறது. ஆகவே தடிமனுக்குக் குறுக்கே குறைந்தது 10 அடுக்காவது மெஷ் இருக்க வேண்டும். நீங்கள் நுணுக்கமாக்கியது மேற்பரப்பையா, தடிமனையா? அதோடு, தரவுக்கோப்பில் இந்தப் பொருளுக்கு வார்த்து அளந்த சுருக்கத் தரவு இருக்கிறதா, இல்லை கொள்கைக் கணக்கு மட்டுமா? ரன்னரை (உருகல் கேட்டுக்கு வந்த வழியில் உறைந்த மிச்சத்தை) அரைத்துக் கலக்கிறீர்களா? அரைத்தால் இழை முறியும், கோப்பிலுள்ள பொருள் அது அல்ல.

கேத்தி_வடிவமைப்பு

மேற்பரப்பைத்தான் நுணுக்கமாக்கியிருந்தேன். தடிமனில் 6 அடுக்கு. இப்போது 12 வைத்து ஓட்டினால் 1.15. சுருக்கத் தரவு இருக்கிறது, ஆனால் வேறொரு நிறுவனத்தின் அதே வகைப் பொருளுக்கானது. அரைத்தது கலக்கவில்லை.

கோத்தகிரி_தரப்பிரிவு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். 1.3 என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எப்போது அளந்தீர்கள்? அச்சிலிருந்து விழுந்த அன்றா, வாரம் கழித்தா?

வார்ப்புச் சுருக்கத்துக்கான ஐ.எஸ்.ஓ. 294-4 முறைப்படி 23 டிகிரியில், 16 முதல் 24 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். நைலான் தண்ணீர் குடிக்கும் பொருள். குடித்தால் உப்பும், இழை கிடக்கும் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் உப்பும். இங்கே மூடுபனிக் காலத்தில் துணியே காய்வதில்லை. திறந்த தட்டில் வைத்த கைப்பிடி சும்மா இருக்குமா? சிமுலேஷன் கொடுப்பது உலர்ந்த பாகத்தின் வளைவு. நாங்கள் நைலான் பாகங்களை விழுந்தவுடன் ஈரம் புகாத பையில் போட்டு மூடி, மறுநாள் காலை அறையில் வைத்து அளக்கிறோம். ஈரம் ஏறிய பின் வேண்டிய அளவைத் தனியாக வேறொரு நாள் அளக்கிறோம். இரண்டையும் ஒரே தாளில் எழுதவிடுவதில்லை.

மூலப்பொருள் குருணையை உலர்த்தும் டிரையரையும் பாருங்கள். இந்த உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. அதே ஊதி, அதே வேகம் என்றாலும் குருணைக்குப் போய்ச்சேரும் சூடு குறைவு. கீழே நான்கு மணி நேரம் போதுமென்றால் இங்கே போதாது. ஈரக் குருணை உருகினால் பாகுநிலை இறங்கும், பாகத்தில் வெள்ளிக் கோடு விழும்.

கேத்தி_வடிவமைப்பு

அக்கா, வெள்ளிக் கோடு இல்லை. ஆனால் பாகங்கள் திறந்த தட்டில்தான் இருந்தன. பையில் மூடி மறுநாள் அளந்த புதிய பாகங்களில் வளைவு 1.2 வருகிறது. கணிப்பு 1.15.

கணிப்பு பொருந்திவிட்டது, பாகம் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. இப்போது பொருந்திய மாடலில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். கோருக்கு 6 லிட்டர் ஓட்டம் கொடுத்தால் வளைவு 0.7-க்கு இறங்குகிறது. எனவே எஃகை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரைச் சரிசெய்கிறோம். தொட்டியைப் பம்புக்கு மேலே உயர்த்திக் கட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. அழுத்தம் கொடுத்த மூடிய வகைக் கருவிக்கு விலையும் கேட்டிருக்கிறேன்.

ஊட்டி_பாய்மவியல்

தொட்டியை உயர்த்துவது மலிவான வழி, முதலில் அதையே செய்யுங்கள். உறிஞ்சு குழாயை ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். மோட்டாரையும் கவனியுங்கள். வழக்கமான மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்குமே முழுத்திறனுக்குக் கணக்கிடப்படுகின்றன. மெல்லிய காற்று அவற்றையும் சரியாகக் குளிர்விக்காது.

கொடைக்கானல்_காற்று

உயரம்தான் காரணம் என்று நான்தான் முதலில் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பீளமேடு_டூல்ரூம்

பதிவாகிவிட்டது. கேத்தித் தம்பி, தண்ணீர் சரியான பிறகு மிஞ்சும் 0.7-க்கு எஃகை எதிர்வளைவாக வெட்டித் தருகிறேன், அச்சைக் கீழே அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் கோரின் ஓட்டம், இரு பக்க மேற்பரப்பு வெப்பம், பாகத்தை எப்போது எந்த நிலையில் அளந்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் வந்தால் மெஷினில் ஏற்ற மாட்டேன்.